ஊர்னா யாரு பாஸ்?

நெமிலி தாலுகாவில் கார் கம்பெனியும் வருது... கொத்தடிமைக் குழந்தைகளும் மீட்கப்பட்டாங்க. நடுவில் 'ஊர்' என்ன செய்யணும்?

ஃபைனல் இயர் பசங்ககிட்ட 'பனப்பாக்கம்'னு சொல்லிப் பாருங்க. 'டாடா... ஜாகுவார்... ஒன்பதாயிரம் கோடி!'ன்னு மூச்சு விடாம பதில் வரும். 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு அங்கே அடிக்கல் நாட்டினதிலிருந்து எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் அந்த ஊர்ப் பேருக்கே தனி கிக்! அதே வருஷம் டிசம்பரில் ஹாங் ஃபூ ஷூ கம்பெனிக்கும் பனப்பாக்கம் சிப்காட்டில் அடிக்கல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோலையும் ஷூவையும் நம்பி ஓடுற பெல்ட் இது. இப்போ நெமிலி பக்கமும் நீளுது.

பனப்பாக்கம் இருப்பது நெமிலி தாலுகாவில். அதே தாலுகாவில் பருவமேடுன்னு ஒரு ஊர் இருக்கு. பேரைச் சொன்னா யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. ஆனா ஒரு போட்டோவைச் சொன்னா வரும். 2019 ஜூலையில் எல்லார் மொபைலுக்கும் வந்த போட்டோ. வயசான ஒரு மனுஷன் அரசு அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடுறார். 'எங்களை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடுங்க' என்பதுதான் அந்தக் கும்பிடுக்கு அர்த்தம். பார்த்தோம், 'ஃபீலிங் சேட்' போட்டோம், ஷேர் பண்ணினோம். அடுத்த வாரம் வேற வைரல்.

நடந்தது இதுதான். காஞ்சிபுரம் மாவட்டம் கோனேரிக்குப்பத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பருவமேட்டிலும் மரம் வெட்டும் இடங்களில் அதிகாரிகள் நுழைந்தார்கள். (ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது அதே வருஷம் நவம்பரில்தான்.) ரெண்டு இடத்திலும் சேர்த்து 13 குடும்பங்கள், மொத்தம் 42 பேர் மீட்கப்பட்டார்கள். எல்லாரும் இருளர் பழங்குடி மக்கள். வாங்கின முன்பணம் சில ஆயிரங்கள். அதுக்காக வருஷக்கணக்கில் வெட்டிக்கிட்டே இருந்தவங்களும் அதில் உண்டு.

அந்த 42 பேரில் 16 பேர் குழந்தைகள். இந்தக் கட்டுரை அவங்களைப் பத்தினது.

சங்கிலி எங்கே?

'கொத்தடிமை'ன்னதும் நமக்கு மனசில் வர்றது சங்கிலி, சாட்டை, வில்லன் சிரிப்பு. சினிமா பண்ண வேலை! சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமா வந்து, 1976-ல் முழுச் சட்டமான கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தைப் புரட்டினால் மேட்டர் ரொம்ப சிம்பிள். முன்பணம் வாங்கினீங்க. அதனால வேற வேலைக்குப் போக முடியல. அல்லது நினைச்ச இடத்துக்குப் போய் வர முடியல. அல்லது பேருக்கு ஒரு கூலிதான் கிடைக்குது. இதில் ஏதாவது ஒண்ணு நடந்தாலே போதும், நீங்க கொத்தடிமை. பூட்டு, கம்பி வேலி எதுவும் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினா அதுவும் கட்டாய உழைப்புதான்னு 1982-லேயே உச்ச நீதிமன்றம் ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிடுச்சு.

இன்னொரு செம பாயின்ட். அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் ஒரு கடனே இல்லை. திருப்பிக் கட்ட வேண்டிய அவசியமே கிடையாது. 'இது கொத்தடிமைக் கடன்'னு தொழிலாளி சொன்னா, 'இல்லை'ன்னு நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்த முதலாளியோட தலைவலி. ஏழை பக்கம் இவ்வளவு அழுத்தமா நிக்கிற சட்டம் நம்ம நாட்டில் ரொம்ப ரேர். என்ன பிரயோஜனம்... அது அப்படி நிக்குதுன்னு மரம் வெட்டுற இடத்தில் இருக்கிறவருக்குத் தெரியணுமே!

இதில் குழந்தை எங்கே வருது? எங்கேயும் வராது, அதான் பிரச்னை. முன்பணம் வாங்கினது அப்பா. கைநாட்டு வெச்சது அப்பா. ஆனா குடும்பம் மொத்தமும் வேலை நடக்கிற இடத்திலேயே குடிசை போட்டுத் தங்கும். பெரியவங்க வெட்டினா சின்னவங்க சுள்ளி பொறுக்கணும், அதைவிடச் சின்னதைப் பார்த்துக்கணும். ஸ்கூலுக்கு அனுப்பலாமேன்னா, குழந்தை தினமும் வெளியே போய் வந்தா விஷயமும் வெளியே போகும் இல்லையா? கணக்கு நோட்டில் குழந்தை பேரே இருக்காது. கேட்டா, 'அது வேலை செய்யலையே, அப்பா அம்மாவோட சும்மா இருக்கு' என்பார்கள். 'சும்மா'வாம்!

குழு இருக்கு... ஆனா?

'கிராமத்துல குழந்தைகளைப் பாதுகாக்க ஏதோ கமிட்டி இருக்குமே'ன்னு கேட்டீங்கன்னா, உங்களுக்கு ஜி.கே. ஸ்ட்ராங். இருக்கு. 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்தான் 'ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு' என்றது. திட்டத்துக்கு இப்போ பேரு 'மிஷன் வாத்சல்யா'. ஊராட்சித் தலைவர்தான் குழுவுக்குத் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், ஸ்கூல் டீச்சர், சுகாதாரச் செவிலியர், ஊரில் மதிக்கப்படுற பெரியவங்க, கூடவே ரெண்டு குழந்தைகளும் உறுப்பினர்கள்.

யோசனை நிஜமாவே நல்ல யோசனை. கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி, பத்தாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி திடீர்னு ஸ்கூலுக்கு வராம நின்னது டீச்சருக்குத் தெரியும். வீட்டில் பந்தக்கால் நட நாள் பார்க்கிறது அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். குழந்தைத் திருமணம் மாதிரி விஷயத்தில் பக்கத்து வீட்டுக் கண்ணை மிஞ்ச எந்த சிசிடிவியாலும் முடியாது. இந்தியா மட்டும் இல்லை... ஆப்பிரிக்கா, ஆசியான்னு வசதி குறைஞ்ச நாடுகள் எல்லாத்திலும் தொண்டு நிறுவனங்கள் இதைத்தான் நம்புது. ஊரே குழந்தையைக் காக்கட்டும்!

இங்கேதான் எனக்கு ஒரு டவுட். 'ஊர்'னா யாரு?

வட மாவட்டங்களில் இருளர் குடியிருப்பு பெரும்பாலும் ஏரிக்கரை, புறம்போக்கு, ஊருக்கு வெளியே ஒரு ஓரம். அதிலும் முன்பணம் வாங்கி வேற ஊருக்கு மரம் வெட்டவோ, செங்கல் சூளைக்கோ போன குடும்பம் இருக்கே... சொந்த ஊர்க் குழுவுக்கு 'அவங்க இங்க இல்ல'. போன ஊர்க் குழுவுக்கு 'அவங்க நம்ம ஊரே இல்ல'. ரெண்டு ரிஜிஸ்டரிலும் குழந்தை மிஸ்ஸிங். இன்னொரு சங்கடமும் உண்டு. முன்பணம் கொடுக்கிறவர் வானத்திலிருந்து குதிக்கிறதில்லை. நாலு பேருக்குத் தெரிஞ்ச, நிலமோ வண்டியோ வெச்சிருக்கிற, கோயில் விசேஷத்துக்கு நன்கொடை எழுதுற ஆளாத்தான் பெரும்பாலும் இருப்பார். 'மதிக்கப்படுற பெரியவங்க' லிஸ்ட்டில் வரக்கூடிய ஆள்! அவர் மேல யார் புகார் எழுதுவாங்க? டீச்சர் அதே ஊர் வழியாத்தான் தினமும் வண்டியில் போய் வரணும்.

1976 சட்டத்தை எழுதினவங்க இதை யோசிச்சிருக்காங்க என்பதுதான் ஆச்சரியம். அந்தச் சட்டத்திலும் மாவட்டத்துக்கு ஒண்ணு, உட்கோட்டத்துக்கு ஒண்ணுன்னு கண்காணிப்புக் குழு உண்டு. மாவட்டக் குழுவில் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினத்தைச் சேர்ந்த மூணு பேர் கட்டாயம் இருக்கணும்னு சட்டத்திலேயே எழுதி வெச்சுட்டாங்க. 'பெரியவங்க'ன்னு பொதுவா விடல. என் ஓட்டு இந்த டிசைனுக்குத்தான்.

சியரா லியோன் சொன்ன சேதி

மைக்கேல் வெசல்ஸ் என்கிற ஆய்வாளர் 2009-ல், பல நாடுகளில் இப்படி அமைச்ச ஊர்க் குழுக்களின் மதிப்பீட்டு அறிக்கைகளை எல்லாம் சேர்த்துவெச்சு அலசினார். அவர் கண்டது: வெளியிலிருந்து வந்த நிறுவனம் அமைச்ச குழு, அந்த நிறுவனத்தோட பணம் நின்னதும் படுத்துடுது. 'இது நம்ம வேலை'ன்னு ஊர் நினைச்ச இடத்தில்தான் நிக்குது. அடுத்து சியரா லியோனில் வேற ரூட் எடுத்தாங்க. 'இதுதான் உங்க பிரச்னை, இதோ குழு'ன்னு கொண்டுபோய்க் கொடுக்காம, 'உங்க பிள்ளைகளுக்கு எது கெடுதல்னு நீங்களே சொல்லுங்க'ன்னு கிராமங்களை நிதானமா பேச விட்டாங்க. டீன் ஏஜ் பசங்களையும் சேர்த்துத்தான். கிராமங்கள் தேர்ந்தெடுத்தது பதின்வயதுக் கர்ப்பத்தை. அப்புறம் அவங்களே தெரு நாடகம் போட்டாங்க, வீட்டில் பேச ஆரம்பிச்சாங்க, சுகாதாரத் துறையைக் கூப்பிட்டுக் கேட்டாங்க.

நமக்குப் பக்கத்தில் ஆந்திராவிலும் (இப்போ தெலங்கானா) இப்படி ஒரு கதை உண்டு. ரங்கா ரெட்டி மாவட்டத்தில் எம்.வி. ஃபவுண்டேஷன் 1991 வாக்கில் கொத்தடிமைப் பிள்ளைகளை வெச்சு ஒரு முகாமில் ஆரம்பிச்சது. பேராசிரியர் சாந்தா சின்ஹா தலைமை. ஸ்கூலுக்குப் போகாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவங்க கணக்கு. 'சும்மா வீட்டில் இருக்கு' என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ஊர் ஊரா குழந்தை உரிமைப் பாதுகாப்பு மன்றம் வெச்சாங்க. பிள்ளைகளை வேலைக்கு வெச்சிருந்த விவசாயிகளையே பேசிப் பேசி மன்றத்துக்குள்ள இழுத்ததும் நடந்தது. 2003-ல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது. அதனால 'ஊரை நம்பவே கூடாது'ன்னு நான் சொல்ல வரல. ஊர் முழுசா கூடுதா, பாதி ஊர் வெளியே நிக்குதா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்... பீடி!

நம்ம மாவட்டக் கதையையும் சொல்லிடறேன். தொண்ணூறுகளில் இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1996-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகள் பத்தி வெளியிட்ட அறிக்கையில் பீடித் தொழிலுக்கு உதாரணமா வந்ததே இந்த மாவட்டம்தான். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு சாவு. கையில் காசு இல்லை. ஏஜென்ட்கிட்ட சில நூறோ, ஆயிரமோ வாங்கிட்டுப் பிள்ளையை அடகு வைக்கிறது. பிள்ளை தினமும் போய் பீடி சுத்தணும், சுத்தின பீடி முனையை மடக்கி மூடணும். அசலைத் திருப்பித் தர்ற வரைக்கும் மீட்சி இல்லை. செய்யுற வேலை அசலில் கழியவே கழியாது.

அப்போ கலெக்டரா இருந்த எம்.பி. விஜயகுமார் ரெண்டு வேலையைச் சேர்த்துச் செய்தார். கொத்தடிமைச் சட்டப்படி பிள்ளைகளை விடுவிச்சது ஒண்ணு. குடும்பங்களைச் சேர்த்து சேமிப்பு-கடன் குழு அமைச்சது இன்னொண்ணு. (இவர்தான் பின்னாளில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் இருந்தப்போ நம்ம ஆரம்பப் பள்ளிகளுக்கு செயல்வழிக் கற்றலைக் கொண்டு வந்தவர். அந்த அட்டையும் ஏணிப்படியும் வெச்சுப் படிச்ச பேட்ச் கை தூக்குங்க!) ரெண்டாவது வேலைதான் முக்கியம்னு தோணுது. ஆயிரம் ரூபாய் அவசரத்துக்கு வேற கதவு இல்லாத வரைக்கும், விழிப்பு உணர்வுப் பேரணி போய் என்ன செய்ய? அறிவுரையை அடகு வெச்சு யாரும் ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது.

மீண்டவங்க போடுற குழு

திரும்பவும் இருளர் குடும்பங்களுக்கு வருவோம். வட தமிழகத்தில் மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்களே சேர்ந்து சங்கம் வெச்சிருக்காங்க. சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டுற இடத்திலும் மாட்டிக்கிட்டு வெளியே வந்தவங்க. வேற எங்கேயாவது குடும்பங்கள் அடைபட்டுக் கிடந்தா அதிகாரிகளுக்குத் தகவல் சொல்றது, மீட்டவங்களுக்கு ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ்னு கூடவே அலையறது எல்லாம் அவங்க வேலை. யோசிச்சுப் பாருங்க. ஜீப்பில் போய் இறங்குற ஆபீஸர்கிட்ட, 'நாங்க சந்தோஷமாத்தான் இருக்கோம் சார்'னு சொல்லுவாங்க. முதலாளி பக்கத்தில் நிக்கிறாரே! தன்னோட சொந்தக்காரன் வந்து கேட்டா அதே பதிலா வரும்? எந்தப் பதில் பயத்தில் வருதுன்னு, அதே பயத்தில் பத்து வருஷம் இருந்தவருக்குத்தான் தெரியும். இதுவும் ஒரு ஊர்தான் பாஸ். ஒரே மேப்பில் அடங்காத ஊர்.

மீட்ட அன்னிக்கு போட்டோ. அதுக்கு மறுநாள்தான் நிஜ வேலை ஆரம்பம். சார் ஆட்சியர் அல்லது ஆர்.டி.ஓ. கொடுக்கிற விடுதலைச் சான்றிதழ் வேணும். அது இல்லைன்னா எதுவும் இல்லை. உடனடி உதவித்தொகை அப்போ 20,000 ரூபாய். 2022-ல் அது 30,000 ஆச்சு. முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ரொம்பக் கொடுமையான கேஸ்களில் 3 லட்சம். சூப்பர் இல்லையா? அவசரப்படாதீங்க. அந்தப் பெரிய தொகை, முதலாளிக்குத் தண்டனை கிடைக்கிறதோட முடிச்சுப் போடப்பட்டிருக்கு. வழக்கு எவ்வளவு வருஷம் ஓடும்னு உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள அடுத்த பிரசவம், அடுத்த காய்ச்சல், அடுத்த முன்பணம்...

குழந்தைக்கு ஸ்கூல்? கல்வி உரிமைச் சட்டப்படி பிறப்புச் சான்றிதழோ டி.சி.யோ இல்லைன்னு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. பத்து வயசுப் பிள்ளை ஒண்ணாம் கிளாஸ்கூட படிச்சதில்லைன்னாலும் வயசுக்கு ஏத்த வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்கணும். சேர்க்கிறது ஈஸி. பக்கத்து பெஞ்ச் பையன் 'நீ எந்தத் தெரு?'ன்னு கேக்கிற நாளிலிருந்து தொடர்ந்து வர வைக்கிறது கஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு சுவாரஸ்யமான லிங்க். 2019 மீட்பின்போது ராணிப்பேட்டை சார் ஆட்சியரா இருந்தவர் க. இளம்பகவத். ரெண்டு வருஷம் கழிச்சு, கொரோனா இடைவெளியைச் சரிக்கட்ட தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சப்போ அதன் சிறப்பு அதிகாரியும் இவர்தான். 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கின அந்தத் திட்டத்தோட ஐடியாவே, பிள்ளை இருக்கிற குடியிருப்பிலேயே ஒரு தன்னார்வலர் என்பதுதான். மாலை நேரம், ஒரு திண்ணை, தெரிஞ்ச அக்கா. 'கிராமத்துக்கு ஒரு குழு' என்பதைவிட 'குடியிருப்புக்கு ஒரு ஆள்' என்பது, ஏரிக்கரைக் குடிசை வரைக்கும் எட்டக்கூடிய கணக்கு.

சரி, நமக்கு என்ன ரோல்?

மொபைலைத் தூக்கிட்டு வீடியோ எடுக்கப் போறது இல்லை. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. வெளியாள் வந்து போன அன்னிக்கு ராத்திரியே மொத்தக் குடும்பத்தையும் வண்டியில் ஏத்தி இடம் மாத்திடலாம். குழந்தை முகத்தை நெட்டில் போடுறது இன்னொரு வில்லங்கம், சட்டப்படியும் தப்பு.

நமக்குன்னு ஒரு இடம் இருக்கு. என்.எஸ்.எஸ். கேம்ப்! வருஷா வருஷம் ஏழு நாள் கிராமத்தில் தங்கி, கோயிலைச் சுத்தம் பண்ணி, மரக்கன்னு நட்டு, சர்வே ஃபார்ம் நிரப்பி, கடைசி நாள் கல்ச்சுரல்ஸ் போட்டுட்டு வர்றோம். கேம்ப்பில் கோலப்பொடியில் ஊர் மேப் வரைவோமே, அதில் கோயில், ஸ்கூல், டேங்க், ரேஷன் கடை எல்லாம் இருக்கும். ஊர் எல்லையில் புகை வர்ற சூளையும், சவுக்குத் தோப்புக்குள்ள நாலு பிளாஸ்டிக் ஷீட் குடிசையும் இருக்காது. யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டமோ, அவங்க ஊரைத்தான் அவங்க சொல்வாங்க. அந்த ஏழு நாளில் ஒரு சாயங்காலம் ஊரைச் சுத்தி வெளிப்பக்கமா நடந்து பாருங்க. ஸ்கூல் நேரத்தில் பிள்ளைங்க எங்கே இருக்காங்க? குடும்பத்தோட எல்லாரும் ஒண்ணா சந்தைக்கோ சாவுக்கோ போக முடியுதா, இல்லை ஒருத்தர் பிணை மாதிரி அங்கேயே தங்கணுமா? கூலி கையில் வருதா, கணக்கு நோட்டில் மட்டும் ஏறுதா?

சந்தேகம் வந்தா குழந்தைகள் உதவி எண் 1098. 1996-ல் மும்பையில் ஒரு சின்ன முயற்சியா ஆரம்பிச்ச இந்த எண்ணை 2023-லிருந்து மாநில அரசே நடத்துது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. அவசர எண் 112-உடனும் இணைச்சிருக்காங்க. அதைத் தவிர மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சார் ஆட்சியர் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு... எல்லாம் இருக்கு. கிராம சபை கூடுற ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல் உங்க சொந்த ஊரில் இருந்தீங்கன்னா, குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியா எப்போ கூடிச்சுன்னு எழுந்து ஒரு கேள்வி கேக்கலாம். மினிட்ஸ் நோட்டைத் தேட ஆரம்பிப்பாங்க!

1098-க்கு போன் போட்டா எந்த மாவட்டம், எந்த ஊர், எத்தனை குழந்தைங்கன்னு கேப்பாங்க. ஊர்ப் பேரைச் சொன்னதோட நிறுத்திடாதீங்க. பஸ் ஸ்டாப்பிலிருந்து எந்தப் பக்கம் திரும்பணும், ஏரிக்கரை தாண்டி எவ்வளவு தூரம், தோப்புக்குள்ள எந்த வழியா நுழையணும்னு சேர்த்தே சொல்லுங்க. ஏன்னா, தேடி வர்றவங்க ஊருக்குள்ள போய் வழி கேட்டா, 'அங்க யாரும் இல்லையே சார்'னு பதில் வர வாய்ப்பு இருக்கு.